படத்தின் பின்பக்கம்

மதுரையில் விளக்குத்தூண் எங்கே என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் கைகாட்டுவார்கள். ஆனால் அங்கே போய் நின்று அந்தத் தூணை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பார்க்க விடவும் மாட்டார்கள். துணிமூட்டை ஏற்றிய தள்ளுவண்டி குறுக்கே வரும், ஷேர் ஆட்டோ முழங்கையை உரசிக்கொண்டு போகும், ஜிகர்தண்டாவுக்கு நிற்கும் கூட்டம் பாதி ரோட்டை எடுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே எங்கள் குழு தூணைச் சுற்றி நின்று, ஏ4 தாளில் அச்செடுத்த ஒரு பழைய படத்தையும் எதிரே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, "சர்வே எடுக்குறீங்களா?" என்று கேட்டார். இல்லை, படம் எடுக்கிறோம் என்றோம். "இதப் போயா?" என்றார்.

இந்தத் தூண் ஜான் பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக எழுப்பியது. பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து, மதுரை மூச்சுவிட இடம் செய்தவர் அவர். இடித்துத் தூர்ப்பவர்களுக்கே அந்த இடம் சொந்தம் என்று அறிவித்து வேலையை முடித்தார் என்பார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்குத் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். எங்கள் கையிலிருந்த படம் 1858-இல் எடுத்தது. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப்.

டிரைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பயணமே அவரைச் சாக்காக வைத்துக் கிளம்பியதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1822-இல் பிறந்தவர். விடுமுறையில் இங்கிலாந்து போனபோது புகைப்படம் எடுக்கப் பழகிக்கொண்டார். தொழிலாக இல்லை, ஆசைக்காக. திரும்பி வந்ததும் 1854 கடைசியில் பேலூருக்கும் ஹளேபீடுக்கும் போய் ஹொய்சளக் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த வருடம் சென்னைக் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குப் பரிசு கிடைத்தது. அதன் பிறகு பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு அனுப்பினார்கள். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்று பதவியே கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆசாமிகளுக்கெல்லாம் அவர் ஒருவகையில் மூத்த பங்காளி. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம் அது.

எங்கள் குழுவில் யாருக்கும் புகைப்படம் சோறு போடவில்லை. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா, கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி, நான். மதுரையில் எங்களோடு சேர்ந்துகொண்டவர் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருப்பவர். சென்னையில் ஞாயிறு காலைகளில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் சுற்றி அறிமுகமான கூட்டம் இது. கிளம்பும்போது ரயில்வேக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். ஆளுக்கு ஒரு படம், தாளில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். செல்போனை நீட்டக் கூடாது. இதுவரை எடுத்ததில் எது பிடிக்குமோ அது. ராத்திரி உட்கார்ந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இறங்கி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் பையை வைத்தோம். மொட்டைமாடியிலிருந்து கோபுரங்கள் தெரியும் என்று சொல்லி அறைக்குக் கூடவே வாங்கினார்கள். கொடுத்த காசுக்குத் தெரிந்தது.

மீனாட்சி கோயிலுக்குள் கேமரா, செல்போன் எதற்கும் அனுமதியில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனையும் நிறுத்திவிட்டார்கள். தம்பிக்கு ஆதங்கம். டிரைப் மட்டும் பொற்றாமரைக் குளத்திலிருந்து அம்மன் நகைகள் வரை எடுத்துத் தள்ளியிருக்கிறாரே என்றான். அவர் எடுத்தார், பின்னால் கம்பெனி நின்றது. எனக்கு இந்தத் தடையில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கையில் எதுவும் இல்லாமல் உள்ளே போனபோதுதான் எங்கள் டீச்சர் கிளிக்கூட்டு மண்டபத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றார். கேமரா இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் நகர்ந்திருப்பார்.

வெளியே வந்து கிழக்கே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. டிரைப் இதை உள்ளும் புறமும் விடாமல் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் தூண்களும் யாளிகளும் மன்னர் சிலைகளும் இருக்கின்றன, மனிதர் இல்லை. காரணம் எளிது. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதில் உருவம் விழ நேரம் பிடிக்கும். அதற்குள் குறுக்கே நடந்தவர் படத்தில் விழவே மாட்டார். நின்றவர் அசைந்தால் புகைபோல ஒரு தீற்றல் மிஞ்சும். கல் மட்டும் அசையாமல் நின்றது, கல் மட்டும் படமானது.

நம் காலத்துப் புதுமண்டபமோ மனிதர்களால் நிரம்பி வழிந்த இடம். தையல்காரர்கள், பாத்திரக்கடை, பழைய புத்தகக்கடை, வளையல், குங்குமம். மதுரைப் பிள்ளைகள் பாதிப் பேரின் பள்ளிப் புத்தகம் அங்கே வாங்கியதாகத்தான் இருக்கும். மண்டபத்தைப் பழுதுபார்ப்பதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மறுபடி ஆளில்லாத மண்டபம். டிரைப்பின் படத்தைப் பிடித்து நேரே வைத்துப் பார்த்தால் நூற்றைம்பது வருடம் கழன்று விழுந்தமாதிரி இருந்தது.

டீச்சர் பையிலிருந்து தன் படத்தை அங்கேயே எடுத்துவிட்டார். ராத்திரி வரை பொறுக்கவில்லை. செல்போனில் எடுத்தது, தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய பிரிண்ட். புதுமண்டபத்துக்குள் ஒரு தையல்காரர் மெஷினில் குனிந்திருக்கிறார். தலைக்கு மேலே முன்னங்கால்களைத் தூக்கிய கல்குதிரை. குதிரையின் குளம்பு மேலே வரிசையாக நூல்கண்டுகள்: சிவப்பு, பச்சை, மஞ்சள், ஜரிகை. மெஷினிலிருந்து வழிவது சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டுபவர்கள் போடும் உடை.

"இத எடுத்தப்போ அவரு நிமிர்ந்துகூடப் பாக்கல" என்றார் டீச்சர். "கடையெல்லாம் மாத்துனதுக்கு அப்புறம் பிரிண்ட் போட்டுத் தேடிப் போய்க் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தாரு. கண் கலங்குவாரோன்னு நினைச்சேன். 'மெஷின் நல்லா விழுந்திருக்கு டீச்சர், இது எங்கப்பா வாங்குன மெஷின்'னாரு. அப்புறம், 'இங்க நூல்கண்டு வைக்கத் தோதா ஒண்ணுமே இல்ல'ன்னாரு."

புதிய இடம் எப்படி என்று அவரிடம் எத்தனையோ நிருபர்கள் கேட்டிருக்கலாம். வாடகை, வியாபாரம், வெயில் என்று பதில் சொல்லியிருப்பார். நூல்கண்டு வைக்க ஒரு குதிரைக் குளம்பு இல்லாமல் போன குறையை அந்தப் படம்தான் அவரிடமிருந்து வாங்கியது.

மற்றவர்களின் படங்கள் ராத்திரி மொட்டைமாடியில் வெளிவந்தன. கொத்து பரோட்டாப் பொட்டலங்களைத் தள்ளிவைத்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் படத்தைத் தொட விட்டார் ரயில்வேக்காரர். தம்பி முதலில் நீட்டினான். மலை உச்சியில் கூடாரம், மேலே பால்வீதி. அசத்தலான படம். கதை கேட்டோம். என்ன லென்ஸ், எத்தனை விநாடி, ஐஎஸ்ஓ எவ்வளவு, எத்தனை படங்களை அடுக்கி ஒன்றாக்கினான் என்று ஒப்பித்தான். "தம்பி, சமையல் குறிப்பு சொல்லிட்ட. சாப்பாடு எங்க?" என்றார் ரயில்வேக்காரர். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான், ஆனால் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கேலி கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குப் பட்டது. விறைக்கும் குளிரில் விடிய விடிய விழித்திருந்ததைச் சொல்ல அவனுக்கு வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

ரயில்வேக்காரரின் படம் பாம்பன் பாலம். யாஷிகாவில், பிலிமில் எடுத்தது. பாம்பன் பாலத்தை எடுக்காத தமிழன் இல்லை. நீலக்கடல், வளைந்து போகும் ரயில், கதவில் தொங்கும் பையன்கள் என்று எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். இவர் படத்தில் ரயிலும் இல்லை, கப்பலும் இல்லை. 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் நடுவில் இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் கண் ஒன்று உண்டு. கப்பல் வரும்போது அதை மோட்டார் தூக்கவில்லை, ஆட்கள் நெம்புகோலைத் தள்ளித் தள்ளிச் சுற்றித்தான் தூக்கினார்கள். படத்தில் அந்த ஆட்கள் இருக்கிறார்கள். தலைப்பாகை, மடித்துக் கட்டிய லுங்கி, முன்னால் சாய்ந்த முதுகுகள். ஒருவருடைய செருப்பு மட்டும் தனியாகப் பின்னால் கிடக்கிறது. அடிவானம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது.

தம்பி பழி தீர்த்துக்கொள்ளக் காத்திருந்தவன்போல, "சார், ஹொரைசன் கோணலா இருக்கு. ரெண்டு செகண்ட்ல நேராக்கித் தரேன்" என்றான்.

"அங்க நின்னு பாத்திருக்கியா நீ? காத்து மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல போச்சுன்னா சிவப்பு விழுந்துரும், வண்டி விடமாட்டான். அன்னிக்குக் காத்து அதுக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஒரு கையால கம்பியப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால எடுத்தேன். பாலம் நேராத்தான் இருந்துச்சு, நான்தான் சாஞ்சேன். நீ படத்த நேராக்கிட்டா காத்து எங்க போகும்?"

அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. அதை மோட்டார் தூக்குகிறது, முதுகுகளுக்கு வேலையில்லை. நல்லதுதான், நெம்புகோல் தள்ளியவர்கள் யாரும் பழைய முறை போயிற்றே என்று அழமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவைத்தவர் யார் என்று கேட்டேன். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், அவர் மகள் கல்யாணத்துக்குப் போனதைச் சொன்னார். பிரிண்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் எல்லாருடைய பெயரும் இடமிருந்து வலமாக இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் படத்தை முதலில் பார்த்தால் எதுவும் விளங்காது. சித்திரா பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும்போது எடுத்தது. தங்கக்குதிரை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. படம் முழுக்க நீர்த்துளி. நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது: தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பித்தளைக் குழாயால் தண்ணீர் பீய்ச்சும் ஆள். குழாய் நேராக நம்மைப் பார்த்து நீண்டிருக்கிறது.

"அண்ணே, அழகரத்தேன் எடுக்கப் போனேன்" என்றார். "ராத்திரி பத்து மணிக்கே ஆத்துல போய் எடம் பிடிச்சாச்சு. கடையில இருந்து பாலித்தீன் பையி கொண்டுபோயி கேமராவச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, எல்லாம் பக்காவாச் செஞ்சாச்சு. லென்ஸு மூஞ்சிய மட்டும் மூட முடியாதுல்ல? சாமி இங்கிட்டுத் திரும்புது, நான் அமுக்குறேன், இந்த ஆளு சரியா முன்னாடி வந்து அடிச்சான் பாருங்க! குறி பாத்து அடிச்சமாதிரி. திட்டத்தேன் வாயத் தொறந்தேன். வாயிக்குள்ளயும் ஒரு பீய்ச்சு."

அந்த லென்ஸில் பிறகு பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டதாம். தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். அழகருக்கு உஷ்ணம் தணிய வேண்டும். எதிரே நிற்பவனுடைய லென்ஸ் என்ன விலை என்பது அவர்கள் கணக்கில் வராது. அழகரை அழகாக எடுத்த படங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறேன். பட்டு என்ன நிறம் என்று தெரிவதைத் தவிர அவற்றில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆற்றுக்குள் நின்றால் எப்படி இருக்கும் என்பது இந்தப் படத்தில்தான் இருக்கிறது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

போட்டி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை விளாச்சேரி போனோம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் பொம்மை செய்யும் ஊர். கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று எல்லாச் சாமிக்கும் அங்கே உருவம் கிடைக்கும். தை மாத வெயில் மண் காய வசதியானது, தெருவெங்கும் பலகை போட்டு வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா வேலையாக இருந்தார். பிசைந்த களிமண்ணைத் தட்டி முன்பாதி அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்குகிறார், மூக்குக்கும் விரலுக்கும் மண் போய்ச் சேர வேண்டும். பின்பாதி அச்சிலும் அப்படியே. ஓரங்களில் மண்குழம்பு தடவி இரண்டையும் பொருத்திச் சற்றுநேரம் வைத்துப் பிரிக்கிறார். நடுவே ஒரு விளிம்பு தெரிகிறது. ஈர விரலால் ஒரு தடவல், விளிம்பு போய்விட்டது. செட்டியார் பொம்மை தொந்தியோடு உட்கார்ந்திருக்கிறார், கண் இன்னும் திறக்கவில்லை. கண் கடைசியில்தான்.

நாங்கள் கேமராவை எடுத்ததும் அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டு, "சக்கரத்த எடுத்தாரச் சொல்லவா?" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "வர்றவுக எல்லாம் சக்கரம் சுத்துங்கன்னுதான் கேக்குறாக. நாங்க அச்சுல போடுறவுக. பக்கத்து வீட்டுல ஒரு பழைய சக்கரம் கெடக்கு, அத இரவல் வாங்கியாந்து வச்சிச் சுத்துறது. ஜன்னல் பக்கம் உக்காருங்கம்பாக, சாம்பிராணி போடுங்கம்பாக."

சாம்பிராணி எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் கற்றையாகத் தெரிவதற்கு. மண் பிசைந்த கைகள், சுழலும் சக்கரம், புகையில் ஒளிக்கற்றை. இந்தப் படம் சர்வதேசப் போட்டிகளில் வருடா வருடம் பரிசு வாங்குகிறது. அச்சில் செய்யும் ஊரில் இரவல் சக்கரத்தை வைத்து எடுத்த படத்துக்கு என்ன கதை சொல்வார்கள்? மரபு, உழைப்பு, அழியும் கலை என்று சொல்வார்கள். பொம்மையின் விளிம்பை ஈர விரலால் அழிக்கும் அந்த ஒரு விநாடிக்கு யாரும் வருவதில்லை. கேட்டால் அதுவும் கலைதானே என்று வாதாடுவார்கள். நடிக்கவைத்து எடுப்பது தப்பில்லை, நடிக்கவைத்தோம் என்று சொல்லிவிட்டால்.

"படம் எடுத்தவுக ஒருத்தராச்சும் ஒரு காப்பி குடுத்திருக்காகளா?" என்று டீச்சர் கேட்டார். அந்த அம்மா சிரித்தார். "அனுப்புறோம்னு சொல்லி அட்ரஸ் எழுதிக்கிட்டுப் போவாக" என்றார். எங்கள் வங்கி அக்கா அன்று மதியமே டவுனுக்குப் போய் பிரிண்ட் போட்டு மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து, கையோடு சேர்க்கச் சொன்னார். ஒரு காபியின் விலைகூட ஆகவில்லை.

யானைமலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டோம். ஒத்தக்கடைப் பக்கமிருந்து பார்த்தால் படுத்த யானை அப்படியே இருக்கிறது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரை. பாண்டியனின் மந்திரி மாறன்காரி 770-இல் எடுப்பித்தது. டிரைப் மலையின் ஒரு முனைப்பக்கமாக நின்று எடுத்திருக்கிறார். அந்தக் கோணம் கிடைத்தது, நடுவில் மின்கம்பி, கேபிள் கம்பி, செல்போன் கோபுரம். கம்பிகளை அழித்துவிடலாம் என்றான் தம்பி. அழிக்கக் கூடாது, இருப்பதை இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று ரயில்வேக்காரர் பிரசங்கம் தொடங்கினார். அப்போதுதான் தம்பி ஒரு விஷயத்தை எடுத்துவிட்டான். டிரைப்பின் நெகட்டிவில் வானம் சரியாக விழாது. அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அளவுக்கு மீறி உணர்வு காட்டும், வானம் வெறும் திட்டாகப் போய்விடும். அதனால் அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். மரத்து இலைகளைக்கூடத் தொட்டுச் சரிசெய்திருக்கிறார். இதெல்லாம் ஆராய்ந்து எழுதிவைத்த சங்கதி. ரயில்வேக்காரர் கையிலிருந்த படத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேகங்கள் நன்றாகத்தான் இருந்தன. "அந்தாளு கெட்டிக்காரன்" என்றார். முதல் நாள் ராத்திரிக் கடன் தீர்ந்தது.

டிரைப் தன் பெரிய சாதனையைத் தஞ்சாவூரில் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து ஒட்டினார். நீளம் 19 அடிக்கு மேல். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய கேமராவை ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நகர்த்தி வைத்திருக்க வேண்டும். இன்றைக்குச் செல்போனை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. ஆனால் அரசாங்கத்துக்கு அவர் செலவு கட்டுப்படியாகவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், கஜானா நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-இல் பதவி போனது. டிரைப் 1902 வரை உயிரோடு இருந்தார். கேமராவை அதன் பிறகு தொட்டது மிக அபூர்வம். ஆசைக்காகத் தொடங்கியவர், சம்பளம் நின்றதும் ஆசையையும் விட்டது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அடுத்த தலைமுறை அவரை மறந்தேவிட்டது. அவர் ஒவ்வொரு படத்திலும் கையெழுத்தும் எண்ணும் போட்டு, இது இந்த ஊர், இந்த மண்டபம், இந்தப் பக்கப் பார்வை என்று தலைப்பு எழுதி வைத்ததால்தான், நூற்றைம்பது வருடம் கழித்து லண்டனிலும் வாஷிங்டனிலும் கண்காட்சி வைக்க முடிந்தது, எங்களாலும் அவர் நின்ற இடத்தில் நிற்க முடிந்தது.

கடைசியாகப் போனது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். பல வருடங்கள் வறண்டு கிடந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம். வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சரிசெய்த பிறகு இப்போது தண்ணீர் நிற்கிறது. மைய மண்டபம் தலைகீழாகத் தெரிந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து வங்கி அக்கா தன் படத்தை எடுத்தார். முதல் நாள் ராத்திரி அவர் காட்ட மறுத்திருந்தார். இங்கே வந்துதான் காட்டுவேன் என்று சொல்லியிருந்தார்.

அவர் எடுத்த படமே இல்லை அது. தாத்தா எடுத்தது. ஆக்ஃபா கிளிக் III. பரோடாவில் தயாராகி அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிய கேமரா. 120 பிலிம், சுருளுக்கு 12 படம், சதுரமாக விழும். கறுப்பு வெள்ளையில் இதே படிக்கட்டு, பின்னால் இதே மைய மண்டபம். படியில் ஐந்து பேர். பாட்டி, பாட்டியின் தங்கை, இடுப்பில் அக்காவின் அம்மா கைக்குழந்தையாக, பக்கத்தில் மாமா அரைக்கால் சட்டையோடு. ஐந்தாவதாக ஓரத்தில் ஒரு பெண். பாட்டி வயதுதான் இருக்கும். பாட்டியின் தோளில் கைபோட்டிருக்கிறாள். கேமராவைப் பார்க்காமல் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்தப் படத்தில் சந்தோஷமாக இருப்பது அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் படமெடுக்க நிற்கிறார்கள்.

"இது யாருன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியல" என்றார் அக்கா. "பாட்டி இருந்தப்போ நான் சின்னப் பிள்ள, கேக்கத் தோணல. அம்மாகிட்ட கேட்டா பக்கத்து வீடா இருக்கும்கிறாங்க. மாமா, பாட்டியோட பள்ளிக்கூடச் சிநேகிதின்னு சொன்னாரு, அப்புறம் இல்லைன்னுட்டாரு. பாட்டி தோள்ல அவ்ளோ உரிமையா கை போட யாராலயும் முடியாது. தாத்தாவே போட மாட்டாரு."

படத்தின் பின்பக்கம் ஒரு ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரையும் ஏதோ ஒரு எண்ணும் மட்டும்தான். அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்தது கொஞ்சம் பைத்தியக்காரத்தனம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தோம். மண்டபத்துக்கும் கரைச் சுவருக்கும் உள்ள கோணத்தைப் பார்த்து ரயில்வேக்காரர் வடகரை என்றார். டீச்சர் சுவரின் ஒரு கல்லில் உடைந்த மூலையைக் கண்டுபிடித்தார், படத்திலும் அதே உடைசல். தம்பி நிழலைப் பார்த்து, மதியத்துக்குப் பிறகு எடுத்தது என்றான். கடைசியில் அந்தப் படியே கிடைத்துவிட்டது. அக்கா அந்த ஓரத்தில், அந்தப் பெண் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். இடம் தெரிந்தது, திசை தெரிந்தது, வேளை தெரிந்தது. பெயர் மட்டும் தெரியவில்லை. அதைச் சொல்ல ஆள் இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. கையில் பேனா வைத்திருந்தவர் எழுதவில்லை.

வீட்டில் அலமாரி மேல்தட்டில் ஆல்பம் இருக்கும், இல்லாவிட்டால் பிஸ்கட் டப்பாவில் கட்டிவைத்த படங்கள் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எந்த ஊர், எந்த வருடம் என்று இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் தடம் முன்பக்கம் தெரியும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்தோடு உறையில் போட்டு வையுங்கள். செல்போனில் இருக்கும் ஆயிரக்கணக்கில் பிடித்தமான பத்தையாவது பிரிண்ட் போடுங்கள், அதற்கும் இதையே செய்யுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். கேட்டுச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலமே ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.